குச்சி கையா, காலா?

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அப்புறம் யார் முதலில் போனை வைத்தது என்று ஒரு வாரத்துக்கு இன்னொரு சண்டை. வேலை நேரத்தில் உன் போனையும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதனால் இனி முக்கியமான விஷயமெல்லாம் கடிதத்தில்தான். கடிதத்தில் நான் எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

வாண்டுவை என்னிடம் விட்டுவிட்டு நீ வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் மகள் வளர்ந்துவிட்டாள். வாய் அவளைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. முந்தாநாள் என்னைப் பார்த்து, "சித்தி, நீங்க கோவப்பட்டா உங்க மூக்கு மட்டும் தனியா கோவப்படுது" என்கிறாள்.

சேதிக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம் என்றால் ஐந்து பிள்ளைகள் மட்டும் என் நூலகத்துக்கு வந்து உட்காருவார்கள். காலில் இரும்புச் சட்டமும் கையில் குச்சியுமாக நம் வாண்டு, காது சரியாகக் கேட்காத ஒரு பெண், விசில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுகிற ஒரு பையன், இன்னும் இரண்டு பேர். பி.டி. மாஸ்டர் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'உட்காருற பார்ட்டி'. மைதானத்துக் கூச்சல் ஜன்னல் வழியாக வரும். இதுகள் ஐந்தும் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் படிக்கும். நூலக டீச்சராக எனக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியையிடம் போய், வெள்ளிக்கிழமை கடைசி மணியிலாவது இவர்களையும் சேர்த்து விளையாட விடக்கூடாதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்சம் யோசித்தார். "சரி டீச்சர். ஜாக்கிரதையா, நீங்களே நடத்துங்க" என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். எனக்கும் விளையாட்டுக்கும் ஏழாம் பொருத்தம் என்று உனக்குத் தெரியாதா!

ஆனால் கேள் அக்கா. நேற்று முதல் வெள்ளிக்கிழமை. தொட்டுப் பிடிக்கிற ஆட்டம். பி.டி. மாஸ்டரும் கூட நின்றார். எல்லோரும் ஒருதரமாவது மாட்டினார்கள். உன் மகள் மட்டும் கடைசி வரைக்கும் அவுட் ஆகவே இல்லை! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உனக்கு எழுதாமல் தூக்கம் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜூலை 23

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது,

உன் கடிதம் வந்தது. மூன்று பேரும் சுகம் என்று படித்ததில் மனசு குளிர்ந்தது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இங்கே ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் எதுவும் மாறவில்லை. படுக்கை விரிப்புகள் தள்ளுவண்டியில் மலைமலையாக வருகின்றன. நானும் இன்னொருத்தியும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து நீராவி ரோலருக்குள் விடுகிறோம். மறுபக்கம் சுருக்கமில்லாமல் வருகிறது. இப்படி மனுஷரையும் விட்டு எடுக்க ஒரு மெஷின் இருந்தால் தேவலை.

ஆட்டத்தில் அவள் அவுட் ஆகவில்லை என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். எல்லாம் நல்ல பிள்ளைகளாக இருக்கும். ஆனால் ஓடியாடுகிற ஆட்டம் எதற்கு? உங்கள் பள்ளியில் கேரம் இல்லையா? செஸ் இல்லையா? உட்கார்ந்தபடி ஆடினால் மூளைக்கும் நல்லது. வேர்வையோடு அவளைக் காற்றில் உட்காரவிடாதே. படிக்கட்டில் கையைப் பிடித்துக்கொள். பத்திரம்.

என் அலமாரிக் கதவில் ஒட்டிவைக்க அவள் படம் ஒன்று அனுப்பு. முகம் பெரிதாகத் தெரிய வேண்டும். மார்பளவு போதும்.

பத்திரம். மறுபடியும் எழுதுகிறேன் என்று நினைக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான், என் ரத்த அழுத்தத்தைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய்? படம் இதோடு இருக்கிறது. முழு உருவமாகத்தான் எடுத்தேன். உனக்கு வேண்டிய அளவுக்கு நீயே மடித்துக்கொள்.

போன கடிதத்தில் நான் குதித்த குதியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்று வெள்ளிக்கிழமை கழித்து வாண்டு வரமாட்டேன் என்று நூலகத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சினேன், திட்டினேன், கடைசியில் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"சித்தி, அங்க நான் ஒப்புக்குச் சப்பாணி."

"யாருடி அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. போன வாரம் நான் ஓடவே இல்ல. நடுவுல போய் நின்னேன். கண்ண மூடிக்கிட்டு நின்னேன். எல்லாரும் என்னைச் சுத்திச் சுத்தி ஓடறாங்க. ஒருத்தரும் தொடல."

அக்கா, நாமும் சின்ன வயதில் அப்படி ஆடியிருக்கிறோம். குட்டிப் பிள்ளை ஒன்று வந்து அழுதால், 'சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம். அது ஆட்டத்தில் இருக்கும், ஆனால் கணக்கில் இருக்காது. ஓடலாம், குதிக்கலாம், யாரும் அவுட் ஆக்கமாட்டார்கள். அந்த வார்த்தையைக் காலில் சட்டம் போட்ட பிள்ளை தன்னைப் பார்த்துத் தானே சொல்லிக்கொள்கிறது. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளைகளைக் கேட்டேன். வாண்டுவின் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், குரல் கனத்த குரல், எல்லோரும் அவளைக் கட்டைக்குரல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள்தான் உண்மையைச் சொன்னாள்: "அவளைத் தொட்டா பி.டி. சார் வெளியே அனுப்பிடுவாரு டீச்சர்." மாஸ்டரிடம் போனேன். "மேலிடத்து உத்தரவு" என்றார். மேலிடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சில விஷயம் நம்ம கையில இல்ல டீச்சர்" என்கிறார். வேறு யார் கையில் இருக்கிறதாம்?

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எழுத வந்தேன். என் குழுவில் இருக்கிற காது கேளாத பெண் இவர்கள் எல்லோரையும்விட நன்றாகக் கேட்கிறாள். அதனால் அந்தப் பழமொழியையே விட்டுவிட்டேன்.

நீயே சொல், நான் என்ன செய்ய?

உன் தங்கை


செப்டம்பர் 20

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். வலது கை ரோலரில் லேசாகப் பட்டுவிட்டது. கொப்புளம்தான், பயப்பட ஒன்றுமில்லை. இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

படம் கிடைத்தது. கதவில் ஒட்டிவிட்டேன். எல்லோரும் கண் அவள் அப்பாவைப் போல என்கிறார்கள். அவர் இருந்திருந்தால் எனக்கு இந்தத் தூர தேசத்து வேலையே வந்திருக்காது.

தலைமையாசிரியை அம்மாவோடு சண்டை போடாதே. அமைதியாகப் பேசுகிறவர், நிதானமான குரல், பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர். அவர் சொன்னால் காரணம் இருக்கும். பள்ளியில் உனக்குக் கெட்ட பெயர் வேண்டாம்.

வாண்டு சாப்பிடுகிறாளா?

அக்கா


அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? கொப்புளம் என்று நீ எழுதினால் அது கொப்புளமாக இருக்காது. மருந்து போடு. வாண்டு சாப்பிடுகிறாள், என் பங்கையும் சேர்த்து.

உன் யோசனையை நான் கேட்கவில்லை. பி.டி. மாஸ்டரை, "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்" என்று டீ குடிக்க அனுப்பிவிட்டு நானே புதுசாக ஆட்டம் கண்டுபிடிக்க இறங்கினேன். முதல் வாரம் எல்லோருக்கும் கண்ணைக் கட்டிவிட்டேன். இரண்டு தலைகள் மோதிக்கொண்டன, ஒரு பால்பல் விழுந்தது. அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் என்று அதன் அம்மா சொன்னதால் தப்பித்தேன். இரண்டாவது வாரம் எல்லோரும் உட்கார்ந்தபடி நகர வேண்டும் என்றேன். சிமெண்டுத் தரை. கால்சட்டைகள் பின்னால் கிழிந்துபோய் மறுநாள் காலையில் அம்மாமார் வரிசையில் நின்றார்கள்.

மூன்றாவது வாரம் பிடித்துவிட்டேன். தரையில் சாக்பீஸால் வட்டமாகக் கட்டங்கள். ஆளுக்கு ஒரு கட்டம், அதை விட்டு வெளியே வரக்கூடாது. நடுவில் நிற்கிறவர் பந்தைத் தரையோடு உருட்ட வேண்டும். பந்து காலில் பட்டால் அவுட். கையால் தட்டிவிடலாம், தப்பில்லை. ஓட்டமே கிடையாது. விசிலும் கிடையாது, அதற்குப் பதில் சிவப்புக் கைக்குட்டை. மேஜைக்கு அடியில் ஒளிகிற பையன் முதல்முறையாக ஒரு மணி நேரம் முழுக்க வெளிச்சத்தில் நின்றான். கைக்குட்டை காது கேளாத பெண்ணுக்கும் வசதி. இதற்குக் கட்டப்பந்து என்று பெயர் வைத்தார்கள்.

அப்புறம் வந்தது வினை. வாண்டு பந்தைக் குச்சியால் தட்டிவிட்டாள். கட்டைக்குரல் பாய்ந்து வந்தாள்.

"அவுட்! குச்சியில பட்டாச்சு!"

"குச்சி கையில இருக்கு. கையால தட்டலாம்ல?"

"குச்சியாலதானே நடக்கறே? அப்ப அது கால். கால்ல பட்டா அவுட்."

"கையால பிடிச்சிருக்கறது எப்படி கால் ஆகும்?"

"அப்ப உனக்கு மட்டும் இவ்ளோ நீளக் கையா? எங்களுக்கும் ஆளுக்கொரு குச்சி குடுங்க டீச்சர்!"

பாதிப் பேர் கை என்றார்கள், பாதிப் பேர் கால் என்றார்கள். மணி அடித்தும் யாரும் போகவில்லை. நான் உரல் மாதிரி இல்லை, மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கினேன். அக்கா, உன் மகள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். யாரோ அவளோடு உண்மையாகவே சண்டை போடுகிறார்கள்! அன்று ராத்திரி சாப்பாட்டில்கூட அவளுக்குப் பேச்சு அதுதான். குச்சி அடியில் இருக்கிற ரப்பர் ஒரு வருஷம் உழைக்கும், ஒரே மாதத்தில் தேய்ந்துவிட்டது. இவர்தான் வொர்க்‌ஷாப்பிலிருந்து பழைய டயரை வெட்டிக்கொண்டு வந்து மாட்டினார்.

தீர்ப்பு அடுத்த வெள்ளிக்கிழமை என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமையே வரவில்லை. தலைமையாசிரியை கூப்பிட்டு, "பந்து ஆட்டம் வேண்டாம் டீச்சர். ஆண்டு விழாவுல அஞ்சு பேரும் கொடி பிடிச்சு முன்னாடி வரட்டும். எல்லாரும் கைதட்டுவாங்க" என்றார். கொடி! நிற்பது ஒரு வேலை என்று இவருக்கு யார் சொன்னது?

பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். நீயாவது பதில் போடு.

உன் தங்கை


நவம்பர் 9

அக்காவுக்கு,

எங்களுக்குச் சுகத்தில் குறைவில்லை. பதில்தான் இல்லை. கை ஆறவில்லையா? இடது கையால் இரண்டு வரி எழுதினாலும் போதும். வாண்டு தினமும் கடிதப் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் மறுபடியும் ஜன்னலைப் படிக்கிறாள்.

தங்கை


நவம்பர் 27

அன்புத் தங்கச்சிக்கு,

கோபப்படாதே. கை முழுசாக ஆறவில்லை, அதுதான் தாமதம். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

கொப்புளம் என்று எழுதியது பொய்தான். தோல் உரிந்துவிட்டது. சூப்பர்வைசர் அம்மா என்னை ரோலர் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி, வாசலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறார். வண்டி வந்தால் தலையை ஆட்ட வேண்டும், வண்டி போனால் தலையை ஆட்ட வேண்டும். அதுதான் உத்தியோகம். தண்ணீர் குடிக்க எழுந்தால், "நீ உக்காருக்கா, நான் கொண்டாறேன்" என்று ஓடி வருகிறார்கள். நேற்று ஒரு தலையணை உறை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். நாலு பேர் ஒரே நேரத்தில் "ஐயோ" என்று கத்தினார்கள். இடது கை நன்றாகத்தான் இருக்கிறது, இடது கையால் மடிப்பேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் சிரிக்கிறார்கள். எல்லோரும் தங்கமானவர்கள். ஒவ்வொருத்தியையும் பிடித்து ரோலருக்குள் விட்டு எடுக்கலாம் போல வருகிறது. உன் கோபம் எனக்கும் இருக்கிறது பார், நாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான்.

ஆண்டு விழாவுக்கு வாண்டுவைக் கொடி பிடிக்கவே விடு. அழகாக இருக்கும். அவளுக்கு வெள்ளையில் ஒரு நீளப் பாவாடை அனுப்புகிறேன், கணுக்கால் வரை வரும். விழா முடிகிற வரைக்கும் சுவரோரமாக நிற்கச் சொல். அதைப் பிடித்துக்கொண்டு நடப்பது படத்தில் விழாமல் பார்த்துக்கொள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அக்கா


டிசம்பர் 15

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை. கை எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

பாவாடை வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனேன். "இந்தப் பிள்ளையை ஆட விடாம தடுக்கறது யாருன்னு இன்னைக்குச் சொல்லியே ஆகணும்" என்று நின்றேன். அவர் கதவைச் சாத்தினார். எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "டீச்சர், உங்க அக்காதான் ஜூன்ல இருந்து மாசாமாசம் போன் பண்றாங்க. எம்பொண்ணு விழக்கூடாது, யாரும் அவ மேல படக்கூடாதுன்னு அழறாங்க. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டாங்க. பெத்தவங்க பேச்சை மீறி நான் என்ன செய்ய?" என்றார்.

நிதானமான குரல் என்று எழுதினாயே அக்கா. நீ அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை. எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். நான் ஆறு மாதமாக ஊரோடெல்லாம் மல்லுக்கு நின்றேன். மாஸ்டரைக் கல்நெஞ்சக்காரன் என்றேன், பாவம், அந்த மனுஷன் இப்போது என்னைப் பார்த்தால் வேறு பக்கமாக நடக்கிறார். எல்லாம் நீ வைத்த வேலி.

ராத்திரி உன் கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். வேர்வை இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, தலையாட்டுகிற ஸ்டூல் இருக்கிறது. உன் மகளுடைய குச்சி ஒரு வரியில்கூட இல்லை. 'அது' என்கிறாய். அவள் அதைக் குச்சி என்றுதான் சொல்கிறாள். கட்டைக்குரல் அதைக் கால் என்கிறாள். வாயில் அந்த வார்த்தையே வராதது நீ ஒருத்திதான்.

ஸ்டூலைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை வாண்டுவுக்குப் படித்துக் காட்டினேன். "அம்மாவும் அங்க ஒப்புக்குச் சப்பாணியா சித்தி?" என்று கேட்டாள். நீ போன் பண்ணின கதையை அவளிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

தலைமையாசிரியை ஒன்று சொன்னார். "அவங்க அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த வெள்ளிக்கிழமையே ஆடட்டும்." உன் ஒரு போனில் இருக்கிறது. எனக்குப் பண்ண வேண்டாம். அவருக்குப் பண்ணு.

தங்கை


பிப்ரவரி 2

தங்கச்சிக்கு,

கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது.

உன் கடிதத்தை எடுக்கிறதும் வைக்கிறதுமாக இருந்தேன். எழுத உட்கார்ந்தால், நீ செய்தது தப்பு, நான் செய்தது சரி என்றே பேனா ஆரம்பிக்கும். கிழித்துப் போடுவேன். பெற்றவளுக்குத்தான் தெரியும் என்று ஒரு வரி எழுதினேன். அதையும் கிழித்தேன். அவளைப் பெற்றது நான், ஒரு வருஷத்துக்கு மேலாக அவளுக்குத் தலை வாரிவிடுகிறவள் நீ.

நான் அங்கே இல்லை. அவள் விழுந்தால் தூக்குவதற்கு என் கை அங்கே இல்லை. அது ஒன்றுதான் காரணம். தினம் நூறு விரிப்பைப் பிடிக்கிற கை, அவளைப் பிடிக்க முடியவில்லை. அதனால் அவள் விழவே கூடாது என்று ஆக்கப் பார்த்தேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

போன வாரம் சூப்பர்வைசர் அம்மா சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டூலை விட்டு எழுந்து ரோலர் முன்னால் போய் நின்றேன். திரும்பி வந்து கத்தினார். "மறுபடியும் சுட்டுக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். "சுட்டுக்கிட்டா நான் சுட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

நேற்று மதியம் உங்கள் தலைமையாசிரியைக்குப் போன் பண்ணினேன். ஆடட்டும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வெகு நேரம் லாக்கர் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே.

என்மேல் உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நலமா? நான் நலமில்லை. நான் கோபமாக இருக்கிறேன். சித்தி நலம். சித்தப்பா நலம். கட்டைக்குரல் ரொம்ப நலம், அதுதான் பிரச்சினை.

கட்டப்பந்து மறுபடியும் வந்துவிட்டது. ஆண்டு விழாவில் நாங்கள் கொடி பிடிக்கவில்லை, கட்டப்பந்துதான் ஆடினோம். கடைசியில் நானும் கட்டைக்குரலும் மட்டும் மிச்சம். மற்ற எல்லோரும் அவுட். விசில் பிடிக்காத பையன் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றான். பி.டி. சார்தான் பந்தை உருட்டினார், அவர் ரொம்ப வேகமாக உருட்டினார் அம்மா, என்னைப் பார்த்துக்கூட மெதுவாக உருட்டவில்லை. நான் நகர்ந்தேன். பந்து என் காலில் படவே இல்லை. குச்சியில் மட்டும்தான் பட்டது. நான் தட்டக்கூட இல்லை, அதுவாக வந்து பட்டது. கைக்குட்டையை ஆட்டிவிட்டான். கட்டைக்குரல் ஜெயித்துவிட்டதாகக் குதிக்கிறாள். இது அநியாயம். குச்சி கையில்தானே இருக்கிறது? அப்படியென்றால் அது கைதானே?

சித்தி தீர்ப்பு சொல்ல வந்தார்கள். நீங்க அவளுக்குச் சொந்தம், செல்லாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பி.டி. சார், எனக்கு எதுக்கு வம்பு என்று போய்விட்டார். நான் அங்கேயே விழுந்து புரண்டு சண்டை போட்டேன். முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு. அதை விடுங்கள்.

அப்புறம் நான்தான் சொன்னேன், எங்கம்மாவைக் கேட்போம் என்று. கட்டைக்குரல், "உங்கம்மா உன் பக்கம்தான் சொல்லுவாங்க" என்றாள். எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க என்று நான் சொல்லிவிட்டேன். சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். உங்கள் கடிதம் வந்ததும் வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். கட்டைக்குரல்தான் படிப்பாள், நான் மாற்றிப் படித்துவிடுவேனாம்.

அதனால் நன்றாக யோசித்து எழுதுங்கள். குச்சி கையா, காலா?

இப்படிக்கு,
அவுட் ஆகாத உங்கள் மகள்


மார்ச் 21

என் வாண்டுவுக்கும், அவளோடு கட்டப்பந்து ஆடுகிற எல்லோருக்கும்,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். இதைப் படிக்கிற கட்டைக்குரல் கண்ணே, நிறுத்தி நிதானமாகப் படி.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் வரும். உள்ளே குச்சிக்கு நாலு ரப்பர் இருக்கின்றன. டயரை வெட்டி மாட்டினால் வழுக்கும், அதனால் ஆஸ்பத்திரிக் கடையில் அளவு சொல்லி வாங்கினேன்.

வாண்டு, உன் கேள்வியை இங்கே என்னோடு வேலை செய்கிறவர்களிடமும் கேட்டேன். இங்கேயும் சண்டை வந்துவிட்டது. பாதிப் பேர் கை என்றார்கள். ஒருத்தி, பாவம், சின்னப் பிள்ளை, விட்டுக்கொடுத்துவிடு என்றாள். அவளோடு நான் பேசவில்லை.

நீ முதன்முதலில் நடந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு கையை என் தோளில் வைத்திருந்தாய். இன்னொரு கையில் குச்சி. பாதி அறை தாண்டினதும் என் தோளை விட்டுவிட்டாய். குச்சியை விடவில்லை. அதை ஊன்றித்தான் வாசல் வரைக்கும் போனாய், அதை ஊன்றித்தான் அன்றிலிருந்து எல்லா இடத்துக்கும் போகிறாய். கையில் பிடித்திருந்தாலும் குச்சி உனக்குக் கால்தான். கால் இல்லை என்று இனி நீயும் சொல்லாதே, நானும் சொல்ல மாட்டேன்.

காலில் பந்து பட்டால் என்ன என்பது உங்கள் ஆட்டத்தின் சட்டம். அதை நான் மாற்ற முடியாது.

நீ அவுட். அழாமல் கோட்டுக்கு வெளியே போய் நில்.

அம்மா